அடத்துக்கு முன்னும் பின்னும்

(ஆசிரியர் கல்வி அறக்கட்டளைச் சொற்பொழிவு: சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்)



பிள்ளைகளின் முரட்டு நடத்தையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அடிப்பது, கடிப்பது, கையில் கிடைத்ததை வீசுவது, தரையில் புரண்டு அழுவது, நோட்டைக் கிழிப்பது, சொன்ன வேலையைச் செய்யவே மாட்டேன் என்று நிற்பது, வகுப்பை விட்டு ஓடுவது, சில பிள்ளைகள் தம் தலையைத் தாமே சுவரில் மோதிக்கொள்வது. இவற்றுக்கு நம் வீடுகளிலும் ஆசிரியர் அறைகளிலும் சொல்லப்படும் விளக்கங்கள் உங்களுக்குத் தெரிந்தவைதாம். “திமிரு.” “செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டாங்க.” “அப்பனை அப்படியே உரிச்சு வச்சிருக்கான்.” “வளர்ப்பு சரியில்லை.” இந்த விளக்கங்கள் எல்லாமே காரணத்தைப் பிள்ளைக்குள்ளோ பெற்றவர்களுக்குள்ளோ கொண்டுபோய் வைத்துவிடுகின்றன. அங்கே வைத்துவிட்ட பிறகு ஆசிரியர் செய்வதற்கு மிச்சம் இருப்பவை மூன்றே: திட்டலாம், தண்டிக்கலாம், கைகழுவிவிடலாம்.

இன்று நான் வலியுறுத்த வந்த கருத்து இது. முரட்டு நடத்தைக்கான காரணத்தைப் பிள்ளையின் குணத்தில் தேடுவதை நிறுத்துவோம். அது நிகழ்வதற்குச் சற்று முன்பு என்ன நடந்தது, நிகழ்ந்து முடிந்ததும் பிள்ளைக்கு என்ன கிடைத்தது என்று தேடுவோம். நடத்தை பிள்ளைக்கு ஏதோ ஒரு காரியத்தைச் சாதித்துக் கொடுக்கிறது. அந்தக் காரியம் எது என்று அறியாமல் நாம் எடுக்கும் நடவடிக்கை, அது தண்டனையாக இருந்தாலும் சரி, அரவணைப்பாக இருந்தாலும் சரி, பெரும்பாலும் குறி தவறிப்போகும். அரவணைப்பும் குறி தவறும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். அதற்கும் வருகிறேன்.

1. அறையைப் பார்த்தவர்கள்

இந்தப் பார்வை நேற்று முளைத்ததன்று. மரியா மாண்டிசோரி 1939இல் சென்னைக்கு வந்து அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்ததையும், போரினால் ஐரோப்பா திரும்ப முடியாமல் கொடைக்கானலில் தங்கிப் பணியாற்றியதையும் இந்த அவையில் பலர் அறிவீர்கள். அவர் ரோமில் இளம் மருத்துவராக இருந்த காலத்து நிகழ்ச்சி ஒன்று அவருடைய வாழ்க்கை வரலாற்றில் சொல்லப்படுகிறது. மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளை ஒரு காப்பகத்தில் வெற்று அறையில் வைத்திருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் அந்தப் பிள்ளைகள் தரையில் விழுந்து ரொட்டித் துணுக்குகளைத் தேடிப் பொறுக்குவார்கள். பராமரித்த பெண் அதை அருவருப்போடு காட்டினாள், பேராசை என்றாள். மாண்டிசோரி அறையைச் சுற்றிப் பார்த்தார். கையால் எடுத்து உருட்டிப் பார்க்க அங்கே வேறு ஒரு பொருளும் இல்லை. பிள்ளைகளின் கைகள் வேலைக்குப் பசித்திருந்தன என்று அவர் புரிந்துகொண்டார்.

இதை ஆய்வுமுறையாக ஆக்கியவர்கள் பிற்காலத்து அமெரிக்க உளவியலாளர்கள். தம்மைத் தாமே அடித்துக்கொள்ளும் பிள்ளைகள் ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்பதற்கு அதுவரை சொல்லப்பட்ட காரணங்களை எட்வர்ட் கார் 1977இல் தொகுத்து ஆராய்ந்தார். ஒரே காரணம் எல்லோருக்கும் பொருந்தாது என்பது அந்த ஆய்விலிருந்தே தெளிவாகத் தொடங்கியது. 1982இல் பிரையன் இவாட்டாவும் அவருடைய குழுவினரும் அதைச் சோதித்தே பார்த்தார்கள். வளர்ச்சிக் குறைபாடுடைய 9 பிள்ளைகள். ஒவ்வொருவரையும் மாற்றி மாற்றி நான்கு சூழல்களில், ஒவ்வொரு முறையும் 15 நிமிடம் வைத்துக் கவனித்தார்கள். முதல் சூழலில் பெரியவர் படித்துக்கொண்டிருப்பார். பிள்ளை தன்னை அடித்துக்கொண்டால் மட்டும் பதறி, “அப்படிச் செய்யாதே” என்று தொட்டுத் தேற்றுவார். இரண்டாவதில் பாடவேலை தரப்படும். அடித்துக்கொண்டால் வேலை சற்று நேரம் நிறுத்தப்படும். மூன்றாவதில் பிள்ளை தனியே, விளையாட்டுச் சாமான் எதுவும் இல்லாமல். நான்காவதில் சாமான்களும் உண்டு, பாராட்டும் உண்டு, கட்டளை மட்டும் கிடையாது.

9 பேரில் 6 பேருக்கு, அடித்துக்கொள்வது குறிப்பிட்ட ஏதோ ஒரு சூழலில் தொடர்ந்து அதிகமாக இருந்தது. எல்லோருக்கும் ஒரே சூழலில் அன்று. ஒருவருக்கு வேலையிலிருந்து தப்பிக்க, இன்னொருவருக்கு ஆளை அருகில் வரவழைக்க, மற்றொருவருக்கு வெறுமையை நிரப்பும் உடல் உணர்வுக்காக. பார்வைக்கு எல்லாம் ஒரே தலைமோதல். இதே குழு 1994இல் 152 பேரின் முடிவுகளை ஒன்றுசேர்த்து வெளியிட்டபோது, ஏறத்தாழ 38 விழுக்காட்டினருக்கு அது வேலையிலிருந்து தப்பிக்கும் வழியாக இருந்தது. ஆளின் கவனத்தையோ பொருளையோ பெறுவதற்காகச் செய்தவர்கள் கால் பங்கினர். உடல் உணர்வுக்காகச் செய்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு.

இப்போது அரவணைப்பு எப்படிக் குறி தவறும் என்று பாருங்கள். ஆளை வரவழைக்க அடித்துக்கொள்ளும் பிள்ளையை, அடித்துக்கொண்ட உடனே ஓடிப்போய் மடியில் எடுத்தால், அந்த வழி பலிக்கிறது என்று நாமே உறுதிப்படுத்துகிறோம். வேலையிலிருந்து தப்பிக்கப் பார்க்கும் பிள்ளையை “கண்டுக்காம விடு” என்று விட்டால் அதுவும் அதற்குப் பரிசுதான். உடல் உணர்வுக்காகச் செய்யும் பிள்ளைக்கு நாம் பார்ப்பதும் பார்க்காததும் ஒன்றே. எல்லாக் காய்ச்சலுக்கும் ஒரே மாத்திரை கொடுக்கும் மருத்துவரிடம் நாம் போக மாட்டோம். ஆனால் எல்லாச் சேட்டைக்கும் ஒரே தண்டனை என்பதை மட்டும் இத்தனை காலமாக ஏற்றுக்கொண்டிருக்கிறோம்.

2. மூன்று பத்தி நோட்டு

ஆய்வுக்கூடம் இல்லாத ஆசிரியர் என்ன செய்வது? நூறு பக்க நோட்டு ஒன்று போதும். பக்கத்தை மூன்று பத்தியாகக் கோடு போட்டுப் பிரிக்க வேண்டும்: முன், நடத்தை, பின். எப்போது, எங்கே என்பதை ஓரத்தில் குறிக்க வேண்டும். “திமிராக நடந்தான்”, “அடம் பிடித்தான்” என்று எழுதக் கூடாது. கண்ணால் கண்டதை, காதால் கேட்டதை மட்டும் எழுத வேண்டும்.

தென்மாவட்டத்தில் உதவி பெறும் தொடக்கப்பள்ளி ஒன்றில், மூன்றாம் வகுப்பு ஆசிரியை ஒருவர் எழுதிய நோட்டிலிருந்து சில வரிகளை அவருடைய இசைவோடு படிக்கிறேன். பையனை அடையாளம் காட்டக்கூடியவற்றை மாற்றியிருக்கிறேன்.

செவ்வாய், காலை 10.20. முன்: போர்டில் ஐந்து கழித்தல் கணக்கு எழுதிப்போட்டு, நோட்டில் எழுதிச் செய்யச் சொன்னேன். நடத்தை: பென்சிலை ஒடித்தான். பக்கத்துப் பையனின் நோட்டைக் கிழித்தான். பின்: வெளியே போய் நிற்கச் சொன்னேன். மணி அடிக்கும் வரை வராந்தாவில் நின்றான்.

செவ்வாய், பிற்பகல் 2.10. தமிழ்ப் பாட்டு, எல்லோரும் சேர்ந்து சொன்னோம். ஒன்றும் இல்லை. சத்தமாகச் சொன்னான்.

புதன், காலை 11.40. முன்: சூழ்நிலையியல், புத்தகத்தைப் பார்த்து ஐந்து வரி எழுதச் சொன்னேன். நடத்தை: பையைத் தூக்கி எறிந்தான். டிபன் பாக்ஸ் திறந்து சாதம் கொட்டியது. பின்: எச்.எம். ரூமுக்கு அனுப்பினேன். அரை மணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்தான்.

வியாழன், காலை 10.15. மனக்கணக்கு. முதலில் கை தூக்கியது அவன்தான். மூன்றுக்கும் சரியான விடை.

இப்படியே இரண்டு வாரம். நோட்டைக் கையில் வாங்கிப் புரட்டினால் யாருக்கும் புலப்படும். கணக்குப் பாடம் அவனுக்குப் பிடிக்கவில்லை என்பதுதான் அதுவரை எல்லோரும் சொன்ன விளக்கம். ஆனால் மனக்கணக்கில் அவன் கெட்டிக்காரன். அவன் வீட்டார் டீக்கடை வைத்திருக்கிறார்கள். மாலையில் கல்லாவில் நின்று மிச்சக் காசைத் தப்பாமல் எண்ணிக் கொடுப்பவன். எங்கே போர்டையோ புத்தகத்தையோ பார்த்துக் கையால் எழுத வேண்டி வந்ததோ, அங்கேதான் எல்லாம் உடைந்தது. மூன்றாம் பத்தியைத் தனியாக மேலிருந்து கீழே படித்தால் இன்னொன்றும் தெரிந்தது. ஒவ்வொரு முறையும் அவன் எழுதாமல் தப்பியிருக்கிறான். வராந்தா, தலைமையாசிரியர் அறை, ஒருநாள் தண்ணீர்த் தொட்டியருகே. தண்டனை என்று நாம் நினைத்தது அவன் தேடிய இடமாக இருந்தது. அந்த ஆசிரியை கேட்டார்: “அப்போ நான்தான் தினமும் அவனுக்கு லீவு விட்டுட்டு இருந்தேனா மேடம்?”

அதன் பின் அவர் செய்தவை பெரிய காரியங்கள் இல்லை. ஐந்து கணக்கை இரண்டாகக் குறைத்தார். பெரிய கட்டம் போட்ட நோட்டு வாங்கிக் கொடுத்தார். சில விடைகளை வாயால் சொல்லவிட்டார். முக்கியமாக, முடியாதபோது சிவப்புப் பென்சிலை பெஞ்சின் ஓரத்தில் வைத்தால் போதும், இரண்டு நிமிடம் நிறுத்திக்கொள்ளலாம் என்று அவனிடம் சொன்னார். அவன் வைத்தபோதெல்லாம் ஏன் எதற்கு என்று கேட்காமல் கொடுத்தார். நோட்டைக் கிழித்தால் வெளியே அனுப்புவதை நிறுத்தினார்.

முதல் வாரம் நிலைமை மோசமானது. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். இதுவரை பலித்த வழி திடீரென்று பலிக்காமல் போனால், பிள்ளை அதை இன்னும் பலமாகச் செய்து பார்க்கும். நடத்தையியலில் நன்றாக அறியப்பட்ட விளைவு இது. பல வீடுகளிலும் வகுப்பறைகளிலும் நல்ல முயற்சி இந்த ஒரு வாரத்தில்தான் கைவிடப்படுகிறது. “இதெல்லாம் நம்ம பிள்ளைக்குச் சரிப்படாது” என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த ஆசிரியை விடவில்லை. அரையாண்டுத் தேர்வு வரும்போது கிழிப்பது நின்றிருந்தது. பென்சில் அவ்வப்போது ஒடிந்தது. வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் வழியாக எழுத்துத் திறன் மதிப்பீட்டுக்கும் அனுப்பினார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று என்பதைப் பயிற்சி மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

“நாற்பது பிள்ளைகள் வகுப்பில் இருக்க, இத்தனையையும் எழுத முடியுமா?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நாற்பது பேருக்கும் எழுத வேண்டியதில்லை. மிகவும் சிரமப்படும் ஒரு பிள்ளைக்கு, நிகழ்ச்சிக்கு மூன்று வரி, இரண்டு வாரம். அந்தப் பிள்ளையோடு போராடுவதில் ஒரு காலைப்பொழுதில் செலவாகும் நேரத்தை விட இது குறைவு.

3. உடலை முதலில் பார்க்க வேண்டும்

நோட்டைத் திறப்பதற்கும் முன்னால் செய்ய வேண்டியது உடல் சோதனை. என்னிடம் ஒரு பிள்ளையை அழைத்து வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பவை நடத்தையைப் பற்றியவை அல்ல. எப்போது தூங்கினான், காலையில் என்ன சாப்பிட்டான், மலம் சிக்கலில்லாமல் போகிறதா, குறட்டை விடுகிறானா, பின்னாலிருந்து மெல்லக் கூப்பிட்டால் திரும்புகிறானா. சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும். உளவியல் பேச வந்தவர் மலச்சிக்கலைப் பற்றிக் கேட்கிறாரே என்று.

மலச்சிக்கலையே எடுத்துக்கொள்வோம். ஏழு வயதுப் பெண்குழந்தை பாவாடையிலேயே மலம் கழித்துவிடுகிறாள். “இவ்வளவு பெரியவளாகியும் வேணும்னே செய்யுறா” என்று அடி விழுகிறது. பல நாள் அடக்கி இறுகிய மலம் குடலின் கடைசிப் பகுதியில் தங்கி அதை விரித்துவிடும். விரிந்த குடல் நிறைந்த உணர்வைச் சரியாகத் தெரிவிக்காது. இறுகியதைச் சுற்றி இளகிய மலம் தானாகக் கசியும். கசிவது அந்தப் பெண்ணுக்கே தெரியாது. பள்ளிக் கழிப்பறை நாற்றத்துக்கும் கதவில்லாத நிலைக்கும் அஞ்சிக் காலை முதல் மாலை வரை அடக்கியதில் தொடங்கியிருக்கும் பிரச்சினை, “கெட்ட பழக்கம்” என்ற பெயரோடு நம்மிடம் வந்து சேர்கிறது. அடி விழ விழ இன்னும் அடக்குகிறாள். இதற்கு மருத்துவம் உண்டு. மாதக்கணக்கில் பொறுமையோடு செய்ய வேண்டும், அவ்வளவே.

சளி பிடித்துப் பிடித்து நடுக்காதில் நீர் கோத்துக்கொண்ட பிள்ளைக்கு, உரத்த பேச்சு கேட்கும், தாழ்ந்த பேச்சு கேட்காது. ஒரு வாரம் கேட்கும், மறுவாரம் கேட்காது. “வேணுங்கிறப்ப மட்டும் காது கேக்குது” என்பார்கள். மூக்குக்குப் பின்னால் சதை வளர்ந்து இரவெல்லாம் குறட்டையோடு துண்டு துண்டாகத் தூங்கும் பிள்ளை பகலில் துவண்டு கிடக்காது. பெரியவர்களுக்குத் தூக்கம் கெட்டால் சோர்வு வரும். பிள்ளைகளுக்குப் பல சமயம் பரபரப்பும் எரிச்சலும் வரும். 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை என்பது உறக்க மருத்துவர்களின் பரிந்துரை. இரவு பதினொன்றரைக்கு வீட்டார் சீரியலும் கைப்பேசியும் முடித்துப் படுத்து, ஆறு மணிக்கு எழுந்து வேன் பிடிக்கும் பிள்ளைக்கு ஏழு மணி நேரம்கூடத் தேறாது. வகுப்பில் சில வினாடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு, நாம் என்ன சொன்னோம் என்று தெரியாமல் விழிக்கும் பிள்ளைக்கு ஒருவகை வலிப்பு இருக்கக்கூடும். அதுவும் கவனக்குறைவு என்று திட்டப்படுகிறது.

இரத்தச்சோகையும் இந்தப் பட்டியலில் வரும். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள பிள்ளைகளில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தச்சோகை. இரும்புச்சத்துக் குறைவு எரிச்சலையும் கவனச்சிதறலையும் தரும். 1956இல் காமராசர் தொடங்கிய மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். விரித்த சத்துணவு, 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவு, இவற்றைப் பசிப்பிணி போக்கும் திட்டங்களாகவே பேசுகிறோம். எட்டரை மணிக்கு உப்புமாவோ கிச்சடியோ சாப்பிட்டுவிட்டு முதல் பிரிவேளையில் உட்காரும் பிள்ளையோடு ஆசிரியருக்குச் சண்டை குறைவு. நடத்தைக்கான திட்டங்களாகவும் இவற்றை நாம் மதிக்க வேண்டும் என்பது என் கருத்து.

4. பெரியவர்களும் பழக்கப்படுகிறார்கள்

சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் வரிசை. சாக்லேட்டை யாரோ பிள்ளையின் கண் உயரத்துக்குச் சரியாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். நான்கு வயதுக் குழந்தை கேட்கிறது. “வேணாம்டா, சளி பிடிக்கும்.” மறுபடி கேட்கிறது. “சொன்னா கேளு.” குரல் உயர்கிறது; தரையில் உட்கார்கிறது. வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்கிறது. தாய் சுற்றிலும் பார்த்துவிட்டு, “சரி எடுத்துக்க, இதான் கடைசி” என்கிறாள். அழுகை உடனே நின்றுவிடுகிறது.

குழந்தைக்கு என்ன கிடைத்தது என்று எல்லோருக்கும் தெரியும். தாய்க்கு என்ன கிடைத்தது? அமைதி கிடைத்தது. நாலு பேர் பார்வையிலிருந்து விடுதலை கிடைத்தது. அடுத்த முறை அவள் இன்னும் சீக்கிரம் இறங்கி வருவாள். அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தில் பணியாற்றிய ஜெரால்ட் பேட்டர்சன், குடும்பங்களின் வீட்டுக்கே ஆட்களை அனுப்பி, பெற்றவர் பிள்ளை பேச்சை வரிசையாகக் குறித்து வைத்து, 1982இல் வெளியிட்ட நூலில் விளக்கியது இதைத்தான். பிள்ளையின் அழுகை பெற்றவரைப் பழக்குகிறது. பெற்றவர் இறங்கி வருவது பிள்ளையைப் பழக்குகிறது. இருவரும் ஒருவரையொருவர் வற்புறுத்தி, இருவரும் சிறிது வெல்ல, சண்டையின் உயரம் மட்டும் மாதாமாதம் ஏறுகிறது. அடிக்கும் கையும் இப்படித்தான் பழகுகிறது. அடித்தவுடன் வீடு ஒரு நிமிடம் அமைதியாகிறது. அந்த அமைதிதான் அடித்தவருக்குப் பரிசு. நாளைக்கும் கை நீளும். “அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்” என்ற பழமொழி நம்மிடம் நிலைத்திருப்பதற்கு அந்த ஒரு நிமிட அமைதியே காரணம் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. ஒன்பது முறை மறுத்துப் பத்தாம் முறை கொடுப்பது, முதல் முறையே கொடுப்பதை விட மோசம். எப்போதாவது பலிக்கும் வழியை எவரும் எளிதில் விடுவதில்லை; சோதனைக்கூடத்து விலங்குகளிலிருந்து மனிதர் வரை இது காணப்பட்டிருக்கிறது. கொடுக்கப்போவதாக இருந்தால் முதல் கேள்விக்கே, இனிய முகத்தோடு கொடுத்துவிடுங்கள். கொடுக்கக் கூடாதென்றால் தாத்தா, பாட்டி, அத்தை, சித்தப்பா எல்லோரும் சேர்ந்து ஒரே முடிவில் நில்லுங்கள். கூட்டுக் குடும்பத்தில் இது கடினம்தான். அப்பா மறுத்ததைப் பாட்டி அறைக்குள் கூப்பிட்டுக் கொடுப்பது அன்பினால். அதைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பாட்டியையும் உட்கார வைத்து அந்த மூன்று பத்தி நோட்டைக் காட்டினால் அவரே புரிந்துகொள்வார். நான் கண்ட பாட்டிமார் பலர் பெற்றவர்களை விட விரைவாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

5. அதே காரியத்துக்கு வேறு வழி

காரணம் தெரிந்துவிட்டால் மட்டும் போதாது. அந்தக் காரியத்தைச் சாதிக்கப் பிள்ளைக்கு வேறு ஒரு வழியைக் கற்றுக்கொடுக்க வேண்டும். எட்வர்ட் காரும் மார்க் டூராண்டும் 1985இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையின் திருப்புமுனை. வளர்ச்சிக் குறைபாடுடைய நான்கு பிள்ளைகள். கடினமான பாடம் வந்தால் முரண்டு பிடித்தவர்களுக்கு, “எனக்குப் புரியவில்லை” என்று சொல்லக் கற்பித்தார்கள். சொன்னால் ஆசிரியர் உதவுவார். கவனம் குறைந்தால் முரண்டு பிடித்தவர்களுக்கு, “நான் நன்றாகச் செய்கிறேனா?” என்று கேட்கக் கற்பித்தார்கள், கேட்டால் பாராட்டு வரும். முரட்டு நடத்தை வெகுவாகக் குறைந்தது. இந்த ஆய்வின் உயிர் இன்னொரு பகுதியில் இருக்கிறது. வாக்கியத்தை மாற்றிக் கற்பித்துப் பார்த்தார்கள்; கடினம் என்பதால் அடம் பிடிக்கும் பிள்ளைக்குப் பாராட்டுக் கேட்கும் வாக்கியம். பிள்ளை அந்த வாக்கியத்தைச் சொல்லத்தான் செய்தது. நடத்தை குறையவில்லை. பேசக் கற்பதால் மட்டும் அடம் குறைவதில்லை. அடம் சாதித்த அதே காரியத்தைச் சொல் சாதித்தால்தான் குறையும்.

பேச்சு வராத பிள்ளைக்குப் படஅட்டை, சைகை, மணி எதுவானாலும் சரி. பேச்சு வரும் பிள்ளைக்கும் இது தேவை. தம்பி பிறந்த வீட்டில் கடிக்கத் தொடங்கிய நான்கு வயதுக்காரிக்கு, “அம்மா, என்கிட்ட உக்காரு” என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அவள் சொன்னால், பால் கொடுத்துக்கொண்டிருந்தாலும் பக்கத்தில் இடம் கொடுக்கும் தாய் இருக்க வேண்டும்.

காரணம் புரிந்துவிட்டதால் கடிப்பதை அனுமதிப்பதா என்று கேட்கிறார்கள். இல்லை. கடிக்கிற வாயை உடனே விலக்க வேண்டும், கடிபட்ட பிள்ளையை முதலில் தேற்ற வேண்டும். இந்த நிமிடத்தில் தடுப்பதும், நாளைக்கு நிகழாமல் பார்ப்பதும் தனித்தனி வேலைகள். நாம் முதல் வேலையையே திரும்பத் திரும்பச் செய்து களைத்துப்போகிறோம்.

6. பிறவி இயல்பு

குணத்தில் தேட வேண்டாம் என்றேன். அதற்காகப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே இயல்போடு பிறக்கிறார்கள் என்று சொல்லவில்லை. அலெக்சாண்டர் தாமஸும் ஸ்டெல்லா செஸ்ஸும் 1956இல் நியூயார்க்கில் தொடங்கி 133 பிள்ளைகளைப் பிறப்பிலிருந்து ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். தூக்கத்திலும் பசியிலும் ஒழுங்கின்மை, புதியவற்றைக் கண்டு விலகல், உணர்ச்சியின் வேகம் போன்றவை கைக்குழந்தைப் பருவத்திலேயே வேறுபட்டன. பத்தில் ஒரு பிள்ளை வளர்ப்பதற்குக் கடினமான இயல்புடையது. ஆனால் பின்னாளில் சிக்கல் வருமா என்பதை இயல்பு தனியே முடிவு செய்யவில்லை. இயல்புக்கும் வீட்டின் எதிர்பார்ப்புக்கும் உள்ள பொருத்தமே முடிவு செய்தது. இது பெற்றவர்களுக்கு ஆறுதலான செய்தி.

7. முன் பத்தி நீளமாக இருக்கும்போது

மூன்று பத்தி நோட்டுக்கு எல்லை உண்டு. சில பிள்ளைகளுக்கு “முன்” என்பது பத்து நிமிடத்துக்கு முன்பு நடந்ததாக இராது. தந்தை குடித்துவிட்டு வந்த முந்தின இரவாக இருக்கும். தாய் வேலைக்காக வளைகுடாவுக்குச் சென்ற கடந்த ஆண்டாக இருக்கும். யாரிடமும் சொல்ல முடியாத பாலியல் கொடுமையாக இருக்கும். நல்ல பிள்ளையாக இருந்து திடீரென மாறிய பிள்ளையைக் கண்டால் இந்தக் கடைசிச் சாத்தியத்தை ஒவ்வோர் ஆசிரியரும் மனத்தில் வைத்திருக்க வேண்டும். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரியவந்தால் தெரிவிப்பது நம் கடமையும்கூட.

இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தில் குண்டுவீச்சுக்கு அஞ்சி நகரத்துப் பிள்ளைகளை நாட்டுப்புறங்களுக்கு அனுப்பினார்கள். எந்த வீட்டிலும் வைத்துக்கொள்ள முடியாதென்று திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகளுக்கு ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் விடுதிகள் நடந்தன; டொனால்ட் வினிகாட் என்ற குழந்தை மருத்துவர் அவற்றுக்கு ஆலோசகர். திருட்டும் நாசவேலையும் மிகுந்த அந்தப் பிள்ளைகளோடு பெற்ற அனுபவத்தின் பின்னணியில், 1956இல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். இத்தகைய நடத்தை, பெற்றிருந்து இழந்த ஒன்றை உலகத்திடம் திரும்பக் கேட்கும் செயல், நம்பிக்கை அற்றுப்போன பிள்ளை கேட்கவே கேட்காது என்றார் அவர். பள்ளியில் தங்கமாக இருந்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் செருப்பை வீசி, தாயிடம் எரிந்து விழும் பிள்ளைகளைக் காணும்போது இது எனக்கு நினைவுக்கு வரும். பகலெல்லாம் அடக்கி வைத்ததைப் பிள்ளை, தாய் கைவிட மாட்டாள் என்று உறுதியாகத் தெரிந்த இடத்தில் இறக்கி வைக்கிறது. ஆனால் வகுப்பின் மூலையில் எதற்கும் வாய் திறக்காத பிள்ளை, கேட்பதையே விட்டுவிட்டதாக இருந்தாலும், நல்ல பிள்ளையாகக் கணக்கில் வருகிறது. அதன் பெயரிலும் நோட்டில் ஒரு பக்கம் திறந்து வையுங்கள்.

8. பயிற்சிக் கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள்

தமிழ்நாட்டுக் கல்வி விதிகளில் இருந்த பிரம்படி அனுமதி 2003இல் நீக்கப்பட்டது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. தேவையான சட்டங்கள். ஆனால் ஆசிரியர்கள் என்னிடம் சொல்லும் குறையும் உண்மை: “எதைச் செய்யக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. என்ன செய்யணும்னு யாரும் சொல்லித் தரலை.” பிரம்பை வாங்கிக்கொண்ட அரசும் கல்லூரிகளும் அதற்குப் பதிலாக ஒன்றைக் கையில் கொடுத்திருக்க வேண்டும்.

கொடுப்பதற்கான இடம் ஏற்கெனவே பாடத்திட்டத்தில் இருக்கிறது. பி.எட். மாணவர்கள் எழுதும் செய்முறைப் பதிவேடுகளில் தனியாள் ஆய்வு ஒன்று உண்டு. பிள்ளையின் குடும்ப வருமானம், தந்தையின் தொழில், பொழுதுபோக்கு, மதிப்பெண், கடைசியில் “தக்க அறிவுரை வழங்கப்பட்டது” என்ற வரி. நான் பார்த்த பதிவேடுகள் பெரும்பாலும் இவ்வாறே இருக்கின்றன. அந்தப் பதிவேட்டின் நடுப்பக்கங்களை மூன்று பத்தியாகப் பிரியுங்கள். கற்பித்தல் பயிற்சிக்குப் போகும் பள்ளியில் ஒரே ஒரு பிள்ளை, பத்து வேலை நாள், நேரத்தோடு குறிப்பு. அதன் கீழே இரண்டு கேள்வி: இந்த நடத்தையால் பிள்ளைக்குக் கிடைத்தது என்ன? அதையே பெற நான் கற்றுக்கொடுத்த வேறு வழி என்ன? அறிவுரை என்ற வரியை எடுத்துவிடலாம். அகமதிப்பெண்ணில் இதற்குப் பத்து ஒதுக்கினால் போதும். இந்தக் கல்லூரி முதலில் தொடங்க முன்வந்தால், முதல் ஆண்டுப் பதிவேடுகளை மாணவர்களோடு உட்கார்ந்து படிக்க நான் வருகிறேன்.